குப்புராஜும் ரப்பர் ஸ்டாம்பும்

கிழக்குத் தாம்பரத்தில் குப்புராஜின் இஸ்திரி வண்டியை அறியாதவர்கள்கூட அதன் பக்கத்தில் நின்ற கரும்பலகையை அறிவார்கள். எதிர்க்கட்சியின் பலகை அது. எண்பதுகளில் ஏழெட்டு வருஷம் அதில் எழுதியவர் குப்புராஜ்தான். தினமும் காலை ஆறு மணிக்கு, பெட்டியில் கரி கனல்வதற்குள், ஈரத்துணியால் பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாக நாலு வரி எழுதிவிடுவார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட மனுஷனுக்குக் கையெழுத்து அச்சடித்ததுபோல இருக்கும். நாக்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், பெட்டியைவிடச் சூடு.

எதிர்ச்சாரியில் ஆளுங்கட்சியின் பலகை. அதற்குப் பொறுப்பு மளிகைக்கடை வேதாசலம். பலகையில் இருவரும் கீரியும் பாம்பும்தான். ஆனாலும் வேதாசலத்தின் வெள்ளைச் சட்டை குப்புராஜ் வண்டிக்குத்தான் வரும். மடிப்பில் ஒருநாளும் அரசியல் கலந்ததில்லை.

ஒரு தடவை, எல்லோரும் எதிர்த்த ஒரு மசோதாவில் ஜனாதிபதி மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். 'நாட்டுக்கு வேண்டியது ஜனாதிபதி, ரப்பர் ஸ்டாம்பு அல்ல' என்று எழுதினார் குப்புராஜ். வேதாசலம் மேலிடத்து நச்சரிப்பு தாங்காமல் ஸ்டேஷனில் புகார் கொடுக்க, கேஸ் ஆகிவிட்டது. குரோம்பேட்டை வக்கீல் அசரியா கட்சி அபிமானத்தில் சும்மாவே ஆஜராக ஒப்புக்கொண்டார். "மூணு மாசம் உள்ள போனாலும் போவீங்க குப்புராஜ்" என்று சொல்லியும் வைத்தார். குப்புராஜ் சிரித்தார். அவர் மனைவி தனத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மூணு மாசமும் ஏழு கிலோ பெட்டியை வைத்து ஒற்றை ஆளாகத் தேய்க்கப்போகிறவள் அவள்தானே.

விசாரணைக்கு நாலு நாள் இருக்கும்போது பேப்பரில் ஒரு செய்தி வந்தது. ஜனாதிபதி விருந்தாளியாகப் போயிருந்த நாட்டின் தலைவர், நிருபர்களிடம், "அவரிடம் பேசி என்ன பயன்? அவர் ஒரு ரப்பர் ஸ்டாம்பு" என்று சொல்லிச் சிரித்திருந்தார்.

"அண்ணே, உன் டயலாக்க அந்தூரு ஆளு சுட்டுட்டான்" என்று டீக்கடையில் கேலி செய்தார்கள். குப்புராஜ் பாதி டீயை அப்படியே வைத்தார். எதிர்ப்பலகையைப் பார்த்தார். புது ரேஷன் கடை திறப்பு விழா என்று இருந்தது. அந்த நாட்டோடு சிநேகம் கெடக்கூடாது, யாரும் வாயைத் திறக்கவேண்டாம் என்று வேதாசலத்துக்கு உத்தரவு வந்திருந்தது.

குப்புராஜ் தன் பலகையைத் துடைத்தார். 'விருந்துக்கு அழைத்து எங்கள் ஜனாதிபதியை அவமதித்தவரே, நீர் அவமதித்தது கோடிக்கணக்கான எங்களையும்தான். மன்னிப்புக் கேளும்' என்று எழுதினார்.

சொந்தக் கட்சிக்காரர்களே சண்டைக்கு வந்தார்கள். "நீ சொன்னதத்தானே அவனும் சொல்றான்? கேசுக்கு பயந்துகினு பல்டி அடிக்கிறியா?" என்றார் கிளைச் செயலாளர் துரை.

"ஜனாதிபதி நிமிந்து நிக்கணும்னு நான் சொன்னேன். குனிஞ்சே கெடக்கட்டும்னு இவன் சொல்றான். ரெண்டும் ஒண்ணாய்யா?" என்றார் குப்புராஜ்.

அசரியாவுக்கோ ஒரே சந்தோஷம். "இந்த போர்டு ஒண்ணு போதும், கேஸ் காலி. அழிச்சிடாதீங்க, நாளைக்குப் பத்து மணிக்கு போட்டோ ஸ்டுடியோ ஆளோட வர்றேன்" என்றார்.

மறுநாள் அவர்கள் வந்தபோது பலகையில் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு பற்றி நாலு வரி இருந்தது. ஆறு மணிக்கே துடைத்தாயிற்று.

"உனக்கு புத்தி கித்தி கீதா?" என்று தனம் நடுத்தெருவில் கேட்டாள். கண் கலங்கியிருந்தது.

"அத்த காட்டி தப்பிச்சிகினா, ஜனாதிபதிக்காக எழுதினது எனக்காக எழுதினதா ஆயிடும் தனம்." தனம் பெட்டியை நங்கென்று வைத்தாள்.

கோர்ட்டில் முதல் சாட்சி வேதாசலம். பலகையில் என்ன எழுதியிருந்தது என்று அரசு வக்கீல் கேட்டார். வேதாசலம் குப்புராஜைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "சாக்பீஸ்ல எழுதினது ஐயா. ஞாபகம் இல்ல."

அசரியாவின் முகம் மலர்ந்தது. கடைசி வரிசையில் தனம் கைகூப்பினாள். அப்போது குற்றவாளிக் கூண்டிலிருந்து குப்புராஜின் குரல் வந்தது.

"எனக்கு ஞாபகம் கீது ஐயா. ரப்பர் ஸ்டாம்புன்னு எழுதினேன்."

மாஜிஸ்ட்ரேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், சிரிப்பை மறைக்கத்தான். குற்றத்தை ஒப்புக்கொண்டதால் தண்டிக்காமல் விடமுடியாது என்றார். கோர்ட் கலையும்வரை அங்கேயே நிற்க வேண்டும், அதுதான் தண்டனை. தனத்துக்குப் போன உயிர் வந்தது.

குப்புராஜ் பின்சுவரோரமாக நின்றார். சாட்சி சொன்னவர் போகலாம் என்றார்கள். வேதாசலம் போகவில்லை, வந்து பக்கத்தில் நின்றார்.

"கடைய தொறக்காம இங்க இன்னாத்துக்குய்யா நிக்கிற?" என்று குப்புராஜ் மெதுவாகக் கேட்டார்.

"அவன் நம்மாள அப்படி பேசின அன்னிக்கு, நா ரேஷன் கடைய எழுதிகினு இருந்தேனே குப்புராஜ். அதுக்கு."

குப்புராஜ் சுவரில் சாய்ந்துகொள்ள அவருக்கும் இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்து நின்றார்.