பிள்ளைக்குத் திறக்காத அலுமாரி

சிற்றம்பலம் நாலு காலில் குசினிக்குள் நுழைகிறார். ஆறடி உயரம், அதற்கேற்ற உடம்பு. தினமும் காலை ஆறு மணிக்குச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, உள்ளங்கையும் முழங்காலும் நிலத்தில் பட வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். எதிர்ப்படும் ஒவ்வொரு இழுப்பு லாச்சியையும் அலுமாரிக் கதவையும் முதலில் இரண்டு விரலால் இழுப்பார், பிறகு பிஞ்சுக்கை பற்றுவதுபோல் பற்றி ஆட்டுவார். திறக்காவிட்டால் தொண்டைக்குள் ஓர் உறுமல் வரும். அது திருப்தி. வட்டக்கச்சியில் அடுத்த காணியில் இருக்கும் பள்ளிக்கூட வாத்தியாரான நான், முதன்முறை இதைக் கண்டபோது மனிதருக்கு வலிப்பு என்று நினைத்துத் தண்ணீர்ச் செம்போடு ஓடிப்போனேன்.

"பிள்ளையின்ரை உயரத்திலை நிண்டு பாக்கோணும், மாஸ்டர்," என்று தரையிலிருந்தே விளக்கம் சொன்னார். "எங்கடை உயரத்துக்கு ஒரு ஆபத்தும் தெரியாது."

சிரிக்கலாம்தான். ஆனால் அவருக்குக் கல்யாணமாகிப் பதின்மூன்று வருடம் கழித்துப் பிறந்த ஒரே பெண் கமலாசனி. அவள் தவழத் தொடங்கிய மாதத்தில், மூன்றாம் வாய்க்கால் பக்கத்து வீடொன்றில் ஒரு குழந்தை சோடாப் போத்தலில் இருந்த மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டது. கிளிநொச்சி ஆஸ்பத்திரி வரைக்கும் அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவர் சிற்றம்பலம். குழந்தை பிழைத்துவிட்டது. ஓடிய மனிதர்தான் இன்னும் பழைய மனிதராகவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் கொண்டி இல்லாத பொருள் இல்லை. மேசை லாச்சிக்குச் சைக்கிள் ரியூப் ரப்பரை வெட்டி இழுத்துக் கட்டினார். மிளகாய்த்தூள் தகரத்துக்குக் கொளுக்கி. உப்புப் பட்டால் பிள்ளையின் கண் எரியும் என்று உப்புச் சாடி இருந்த பெட்டிக்கு ரப்பர் கட்டும், திருப்பி மூடும் மரநாக்கும். வெள்ளிக்கிழமைதோறும் மகளின் கையை நூலால் அளந்து, வளர்ந்த அளவுக்குக் கொண்டிகளை மேலே ஏற்றினார். தண்ணீரூற்று என்ற ஊரிலிருந்து சைக்கிளில் சாமான் கொண்டுவந்து விற்கும் முஸ்லிம் பெரியவர் கலந்தர் காக்காவிடம், பிள்ளைக்குத் திறக்காத கொளுக்கி இருக்கிறதா என்று மாதாமாதம் கேட்பார். கலந்தர் கடைசியில் பொறுமை இழந்து, "அப்பிடி ஒண்டு இன்னும் கப்பல்ல வரல்ல தம்பி. பெரியாக்களுக்குத் திறக்காதது நிறைய இருக்கு, தரட்டா?" என்று கேட்டுவிட்டார்.

பெரியவர்களுக்குத் திறக்காததைச் சிற்றம்பலம் ஏற்கெனவே சொந்தமாகவே செய்துவைத்திருந்தார். மனைவி நேசமலர் உப்பெடுக்க வேண்டுமானால் முழங்காலால் பலகையை அமத்தி, பல்லால் ரப்பரை இழுத்து, இரண்டு கையாலும் நாக்கைத் திருப்ப வேண்டும். அதனாலேயே அந்த வீட்டுக் குழம்பில் பல நாள் உப்பிருக்காது. "இவர் குசினியைப் பூட்டேல்லை, என்னைத்தான் பூட்டினவர்," என்று என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறார்.

எல்லாவற்றுக்கும் மேலே, உள்வீட்டிலிருந்த பெரிய அலுமாரி. ஆபத்துகளையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டால் ஓர் இடத்தைக் காத்தால் போதும் என்பது சிற்றம்பலத்தின் கணக்கு. வயலுக்கு வாங்கிய பூச்சி மருந்துப் போத்தல் அதற்குள் போனது. எறும்பு மொய்த்துப் பிள்ளையைக் கடிக்கும் என்று, பனைவெல்லமான பனங்கட்டி வைத்த ஓலைக் குட்டானும் போனது. மூக்குக்குள் போட்டுவிடுவாள் என்று நல்ல நேரம் பார்த்துச் செய்யும் நாள் விதைப்புக்கு எடுத்துவைத்த விதைநெல் பெட்டிகூட அதே தட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மருந்தையும் தின்னும் சாமானையும் ஒன்றாக வைக்காதீர்கள் என்று நேசமலர் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. கதவுக்கு இரண்டு பாலைமர ஆப்புகள், கமலாசனி இரு கையையும் விரித்தாலும் எட்டாத இடைவெளியில். இரண்டையும் ஒரே நேரத்தில் அமத்தினால்தான் திறக்கும். கீழே இருந்த லாச்சிக்கு மட்டும் கொண்டி இல்லை. அது உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் லாச்சி.

புரட்டாதியில், மாரிமழையை நம்பிச் செய்யும் காலபோக விதைப்புக்கு நாள் வைத்தார்கள். சுபநேரம் காலை ஆறு இருபதிலிருந்து ஆறு ஐம்பது வரை. கைக்கடிகாரம் உள்ளவன் என்பதால் என்னையும் அழைத்திருந்தார்கள். வரம்பில் நிறைகுடம் வைத்தாயிற்று, கற்பூரமும் தயார். விதைநெல்லை எடுக்க உள்ளே போன சிற்றம்பலம் வெளியே வரவில்லை.

முதல் நாள் பெய்த மழைக்கு ஆப்பு இரண்டும் ஊதி இறுகிவிட்டன. அவர் அமத்தினார். நானும் அவருமாய் ஆளுக்கொன்றை அமத்தினோம். நேசமலரின் தமையன் பரமலிங்கம் தோளால் இடித்துப் பார்த்துவிட்டுத் தோளைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். கோடரியால் கொத்தச் சொன்னபோது, உள்ளே போத்தல் உடைந்துவிடும் என்று சிற்றம்பலம் குறுக்கே நின்றார். ஆறு நாற்பத்தொன்று என்றேன். வேர்த்தாலும் அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. இவ்வளவு பேர் சேர்ந்தும் திறக்காத அலுமாரியை அவரல்லவா செய்திருக்கிறார்.

அப்போதுதான் எங்கள் கால்களுக்கிடையில் புகுந்து கமலாசனி வந்தாள். வெறும் லாச்சியை வெளியே இழுத்தாள், ஏறி உட்கார்ந்தாள், கையை உள்ளே விட்டு மேல்பக்கம் துழாவினாள். லாச்சிக்கும் மேல்தட்டுக்கும் நடுவிலிருந்த பலகையைக் கறையான் தின்று பெரிய ஓட்டையாக்கியிருந்தது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கடைக்காரர்போல் ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தாள். முதலில் பனங்கட்டிக் குட்டான். அது பாதி வெறுமையாக இருந்தது. பிறகு விதைநெல் பெட்டி. பரமலிங்கம் அதைப் பறித்துக்கொண்டு வயலை நோக்கி இரண்டடி வைத்தார். மூன்றாவதாகப் பூச்சி மருந்துப் போத்தலை இரண்டு கையாலும் தூக்கித் தகப்பனிடம் நீட்டினாள்.

"ஐயா, இந்தாங்கோ."

 இவள் இந்த வழியாக எத்தனை நாளாகப் போய் வருகிறாள் என்ற எண்ணம் எல்லோருக்கும் ஒன்றாகவே வந்திருக்க வேண்டும்.  போத்தலின் மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. சிற்றம்பலம் அதை வாங்கி என் கையில் தந்துவிட்டு மகளைத் தூக்கி மடியில் கிடத்தினார். இரண்டு விரலால் வாயைத் திறந்து, மூக்கை உள்ளே வைப்பதுபோல் வைத்து, மருந்து வாடை வருகிறதா என்று மணந்து பார்த்தார். பரமலிங்கம் வாசலில் நின்று நேரம் போகிறது என்றார். சிற்றம்பலம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மாஸ்டர், நீங்களும் ஒருக்கா மணந்து சொல்லுங்கோ."

குனிந்து மணந்தேன். பனங்கட்டி மணம் மட்டும்தான். அதைச் சொன்னேன். சுபநேரம் முடிந்துவிட்டதையும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, சிரித்துக்கொண்டிருந்த பிள்ளையின் வாயைத் திறந்து மறுபடியும் மணந்தார்.