மாமா நின்ற மூன்று ரவுண்டு

மயிலாப்பூர் லஸ்ஸைத் தாண்டி நடந்துகொண்டிருந்தோம், மாமாவும் நானும். எங்கள் சாந்தோம் குப்பம் பின்னால் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்ததும் கஞ்சியைக் குடித்துவிட்டுக் கிளம்பியிருந்தோம். மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்த மைதானத்தில் ஒரு குத்துச்சண்டைக் கம்பெனி கூடாரம் அடித்திருந்தது. தங்கள் ஆளோடு மூன்று ரவுண்டு நிற்பவனுக்குக் கம்பெனியில் வேலை என்று ஊரெல்லாம் தண்டோரா.

அப்பாவைக் கடல் கொண்டுபோன பிறகு எங்கள் வீட்டில் கட்டுமரம் தள்ள மாமா ஒருவர்தான். அம்மா கடைசியில் தன் தம்பியின் ஆசைக்கு இறங்கி வந்தாள். “மூணு ரவுண்டு நின்னியானா போ. தோத்துட்டு வந்தா இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. மரத்தோட கெட.”

துறைமுகத்தில் கப்பல்காரர்களிடம் அடி வாங்கியே மாமா குத்துச்சண்டை கற்றார். முகம் வீங்கி வரும் நாளில்தான் அவருக்கு அதிக சந்தோஷம். “இன்னிக்கி அவன் எப்டி அடிச்சான்னு தெரிஞ்சிகினேன். நாளிக்கி அந்த அடி வுழாது” என்பார். மறுநாள் வேறு அடி விழும். அதையும் தெரிந்துகொள்வார்.

கூடாரத்துக்குள் கயிறு கட்டிய மேடை. கம்பெனி ஆள் சிவப்பு அரைக்கால் சட்டையில் பளபளவென்று நின்றான். மாமாவின் கைகளில் உறையை மாட்டிவிட்டார்கள். எனக்கு ஒன்பது வயது. துண்டும் தண்ணீர்ச் செம்புமாக அவருடைய மூலையில் நின்றேன்.

மணி அடித்தது.

துறைமுகத்தில் மணி கிடையாது, ‘ஆவட்டும்’ என்றால் சண்டை. எங்கள் குப்பத்திலோ மணிச்சத்தம் என்றால் கோவில் மணிதான். வலை இழுத்துக்கொண்டிருந்தாலும் தலைத்துண்டை எடுத்துவிட்டுச் சிலுவை போடுவோம். மாமாவும் அந்தப் பெரிய உறைக் கையால் நெற்றியைத் தொட்டார். மார்புக்குக் கை வருவதற்குள் அடி விழுந்தது. உட்கார்ந்துவிட்டார்.

“இன்னா நைனா, தூக்கம் வருதா?” என்று யாரோ கத்த, கூடாரமே சிரித்தது. மாமாவும் சிரித்துக்கொண்டே எழுந்தார். பத்து எண்ணுவதற்குள் எழுந்தால் நின்ற கணக்கு.

இடைவேளையில் நான் அழுதுவிட்டேன். “மாமா, அது கோவில் மணி இல்ல மாமா.”

“தெரியும்டா. கைக்குத் தெரிய மாட்டேங்குது.”

இரண்டாவது மணிக்கும் கைக்குத் தெரியவில்லை. மறுபடி விழுந்தார். எட்டு எண்ணும்போது எழுந்தார்.

மூன்றாவது மணி. மாமாவின் வலது கை நெற்றிக்குப் போவதைப் பார்த்ததும் கம்பெனி ஆள் சிரித்தபடி, கைகளைத் தொங்கவிட்டு ஓடிவந்தான். மாமாவின் இடது கைக்குச் சிலுவை போடும் வேலை கிடையாது. அது சும்மாதான் இருந்தது. அவன் தாடையில் போய் நின்றது. இந்தத் தடவை உட்கார்ந்தது அவன்.

ஜனங்கள் பெஞ்சுகளின் மேல் ஏறிவிட்டார்கள். மாமா குனிந்து அவனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். மிச்ச நேரத்தில் வாங்கிய அடிகளை அவரும் எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை. கடைசி மணிக்கு நின்றுகொண்டிருந்தார். முழுச் சிலுவையும் போட்டார். மயிலாப்பூர் வரைக்கும் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலையில் முதலாளியைப் பார்க்கப் போனோம். சிவப்பு அரைக்கால் சட்டை தருவார் என்று நான் காத்திருந்தேன். அவர் மாமாவை மேலும் கீழும் பார்த்தார்.

“இதே கைலியோட வா. எந்த ஊருக்குப் போனாலும் ஜனங்களோட ஜனமா உக்காந்துக்க. சண்டைக்கு ஆள் உண்டான்னு கேட்டா, நீ எழுந்து வரணும். மூணாவது ரவுண்டுல வுழுந்துடணும். எழுந்துக்கக் கூடாது.”

மாமா தன் கைலியைக் குனிந்து பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து கேட்டார்: “முன்னால வுழணுமா, பின்னாலயாங்க?”

அந்தக் காலை முழுக்க மைதானத்து மண்ணில் விழுந்து விழுந்து பழகினார். நானும் பக்கத்திலேயே விழுந்தேன். குத்துச்சண்டைக்காரன் வேலை இவ்வளவு சுலபம் என்று அதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.