ஹுவைலா சொன்ன பொய்ச் செய்தி

எங்கள் ஜித்தத் பாலைவனச் சமவெளியில் ஹுவைலா அக்காவுக்குத் தெரியாமல் ஓர் ஓணான்கூட நடமாட முடியாது. மணலைப் பார்த்தே எது, எப்போது, எங்கே போனது என்று சொல்லிவிடுவாள். ஒருமுறை என் காலடித் தடத்தைப் பார்த்துவிட்டு, "இடது குதிகால் வலிக்குதாடா? நொண்டி ஆடு மாதிரி நடக்குற. செருப்பை மாத்து" என்றாள். நான் யாரிடமும் சொல்லாத வலி அது. எரிச்சலோடு மறுநாளே புதுச் செருப்பு வாங்கினேன்.

இங்கே யார் வந்தாலும் முதலில் செய்தி கேட்போம். "ஒண்ணுமில்ல, எல்லாம் நலம்" என்பதுதான் எல்லாரும் சொல்லும் பதில். பேரீச்சம்பழமும் காபியும் முடிந்தபின் மறுபடி கேட்போம். அப்போது சொல்வது மட்டும் உண்மையாக இருந்தாக வேண்டும். அதை நம்பித்தான் கூடாரத்தையே பெயர்ப்போம். புல் இருக்கிறது என்று அக்கா சொன்னால், போய்ப் பார்த்துவிட்டு வர யாரும் ஆள் அனுப்பியதில்லை.

அன்று காலை என் கூடாரத்தில் ஒரு விருந்தாளி இருந்தான். எல்லைக்கோட்டுப் பக்கமிருந்து வருவதாகவும், தொலைந்துபோன பெண் ஒட்டகத்தைத் தேடுவதாகவும் சொன்னான். அக்காவின் பழைய பிக்கப் வந்து நின்றது. இறங்கியவள் அவன் வண்டியை ஒரு சுற்று சுற்றிவிட்டு உள்ளே வந்தாள். எந்த வண்டியைக் கண்டாலும் டயரைப் பார்ப்பது அவள் வழக்கம். அதனால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காபியை அவளே ஊற்றினாள். மூன்று கோப்பை குடித்துவிட்டுப் போதும் என்று கோப்பையை ஆட்டிக் காட்டிய விருந்தாளி, "வடக்க என்ன செய்திம்மா? வெள்ளையா ஏதாவது கண்ணுல பட்டுதா?" என்று கேட்டான்.

"வெள்ளையாவா? இதோ, என் தம்பி தலையைத் தவிர ஒண்ணும் பாக்கல. நாலு நாளா வடக்க ஒரு தடமும் கிடையாது. உங்க ஒட்டகம் தெக்க உப்புத்தரைப் பக்கம்தான் போயிருக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் பாவாடை ஓரமெல்லாம் சமர் மரத்து முள் ஒட்டியிருந்தது. அந்த மரம் இருப்பது வடக்குப் பள்ளத்தில் மட்டும்தான். காபிக்குப் பிறகு, விருந்தாளியிடம், அதுவும் என் அடுப்படியில் உட்கார்ந்து அக்கா பொய் சொல்கிறாள்! நான் குனிந்து கோப்பைகளைப் பொறுக்கினேன்.

அவன் வண்டி தெற்கே போய் மறைந்ததும், "எந்திரிடா" என்றாள். "பள்ளத்துல மஹா மான் ஒண்ணு குட்டி போட்டிருக்கு. பொறந்து ஒரு நாள்தான் இருக்கும். நேத்து சாயங்காலம் இவன் வண்டி மேக்க அதோட தடத்துலயே போயிருக்கு, பாறைத்தரையில தடத்தை விட்டுட்டான். மூணு டயர் புதுசு, ஒண்ணு மொட்டை. தார்ப்பாய்க்கு அடியில வலை வச்சிருக்கான். ஒட்டகத்தைத் தேடுறவனுக்கு வலை எதுக்குடா?"

உயிரோடு பிடித்த மஹாவைக் காசு கொடுத்து வாங்க எல்லைக்கு அப்பால் ஆள் இருக்கிறது. இது எங்களுக்குத் தெரிந்த கதைதான்.

வழியில் மேட்டில் ஏறி வனக்காவலர்களுக்குப் போன் போட்டேன். பள்ளத்துக்குப் போனபோது தாய் நின்றுகொண்டிருந்தது. வெள்ளை வெளேரென்ற உடம்பு, நேராக நீண்ட இரண்டு கொம்புகள். காலடியில் மண் நிறத்தில் குட்டி. எங்கள் அப்பா காலத்தில் வேட்டையாடியே ஒழித்துவிட்ட மிருகம், பிறகு கூண்டில் வளர்த்துக் கொண்டுவந்து விட்ட வம்சம் இது. நான் வெட்கமில்லாமல் அழுதேன். அக்கா அதற்குள் ஒரு சமர்க் கிளையைப் பிக்கப்புக்குப் பின்னால் கட்டி, சுற்றியிருந்த தடங்களையெல்லாம் இழுத்து அழித்துக்கொண்டிருந்தாள். மதியத்துக்குள் காவலர்கள் வந்து கூடாரம் போட்டார்கள்.

வலைக்காரன் திரும்பி வரவில்லை. ஆனால் தெற்கே போன இடமெல்லாம், "ஹுவைலா பேச்சைக் கேட்டு நாள் பூரா அலைஞ்சேன், ஒரு தடம்கூட இல்ல" என்று புலம்பியிருக்கிறான். பத்தே நாளில் பேச்சு சமவெளி முழுக்கப் பரவிவிட்டது. கிழக்கு ஓடையில் புல் முளைத்திருப்பதாக அக்கா சொன்னபோது ஒரு கூடாரமும் அசையவில்லை. ஆடுகள் காய்ந்த குச்சியைக் கடித்துக்கொண்டு கிடந்தன. "நான் உண்மையைச் சொல்லிடறேன்க்கா" என்றேன். "என் வாயி சொன்னதை என் வாயிதான் சொல்லணும். நீ ஆட்டுக்குத் தண்ணி காட்டு, போ" என்று விரட்டினாள்.

அந்த வாரம் ஒரு கல்யாணம். அறுபது பேர் கூடியிருந்த கூடாரத்தில் மூத்தவர் லுவைத்தி வழக்கப்படி அவளிடமும் செய்தி கேட்டார். ஒன்றுமில்லை, நலம் என்றாள். காபி வந்து போனது. மறுபடி கேட்டார்.

"என் தம்பி கூடாரத்துல விருந்தாளிகிட்ட பொய் சொன்னேன். காபிக்கு அப்புறம்தான் சொன்னேன், தெரிஞ்சேதான் சொன்னேன். அவன் வலையோட வந்தவன். நாளைக்கே திரும்ப வந்தாலும் அதையேதான் சொல்லுவேன். இப்ப சொல்றது நெசம்: வடக்குப் பள்ளத்துல மஹாக் குட்டிக்கு இருபது நாளாச்சு. தாய் பின்னாடியே ஓடுது."

லுவைத்தி கோப்பையைக் கையில் உருட்டினார். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிழக்கு ஓடையில புல்லு எவ்வளவு உசரம்மா?" என்று கேட்டார் அவர்.

"ஆட்டு முழங்கால் வரைக்கும்."

மறுநாள் விடிந்ததும் லுவைத்தியின் கூடாரம்தான் முதலில் பிரிக்கப்பட்டது.