வியாழக்கிழமைக் கத்தி

என் அண்ணன் அபெலினோ பாரியாவிடம் ஏழு சவரக் கத்திகள் இருந்தன. கிழமைக்கு ஒன்று. ஒவ்வொன்றின் முதுகிலும் அந்தக் கிழமையின் பெயர் பொறித்திருக்கும். ஒருநாள் உழைத்த கத்தி ஆறு நாள் பெட்டியில் படுத்து ஓய்வெடுக்க வேண்டும் என்பது அவன் சட்டம். கத்திக்கு ஓய்வு உண்டு; கூடப்பிறந்த தங்கைக்கு, அதாவது எனக்கு, ஒருநாளும் கிடைத்ததில்லை.

தீட்டுவதற்கும் சட்டம் இருந்தது. நாற்காலியில் ஆள் உட்கார்ந்து, முகத்தில் நுரை போட்ட பிறகுதான் சுவரில் தொங்கும் தோல்வாரைக் கையில் பிடிப்பான். துணிப்பக்கம் இருபது இழுப்பு, தோல்பக்கம் நாற்பது. அழுத்தக் கூடாது. ஒவ்வொரு முகத்துக்கும் முன்னால் ஒருமுறை. சவரம் முடிந்ததும் கழுவித் துடைத்து மூடிவிட வேண்டும். வேலை பார்த்துக் களைத்த முனையை உடனே தோலில் இழுத்தால் அது மடங்கிப் போகும் என்பான். உண்மையோ பொய்யோ, எங்கள் தீவின் அன்குட் துறைமுகத்தில் அவனை எதிர்த்துப் பேச ஒருத்தருக்கும் வாய் வராது.

ஒருத்தனுக்கு வந்தது. அவன் மகன் ரோசமெலுக்கு.

ரோசமெலைப் பெற்ற மூன்றாம் நாள் அவன் அம்மா இறந்துபோனாள். நான்தான் வளர்த்தேன். இருபத்து நாலு வயதில் அப்பன் பக்கத்திலேயே இரண்டாவது நாற்காலியில் சவரம் செய்துகொண்டிருந்தான். அந்தக் குளிர்காலம் அண்ணனுக்குத் தோள்வலி, கையைத் தூக்க முடியவில்லை. ஒரு புதன்கிழமை சாயங்காலம், அப்பனுக்கு வேலை குறையட்டுமே என்று, அன்றைக்கு ஓடின கத்தியைப் பெட்டியில் வைப்பதற்கு முன்னால் பிள்ளை தீட்டிவிட்டான்.

"என்னடா பண்ற?"

"உங்களுக்குத் தோள் வலிக்குதேன்னுதாம்ப்பா."

"சவரம் முடிஞ்சப்புறம் தீட்டுறியே, உனக்கு மூளை இருக்கா? ஏழு வருஷமா நான் கழுதைக்கா சொல்லிக்கிட்டு இருந்தேன்?"

"ஒருநாள் தீட்டினா கத்தி ஒண்ணும் செத்துப்போயிடாது. இரும்புதானேப்பா அது!"

அண்ணன் தோல்வாரைக் கொக்கியிலிருந்து உருவி வீசினான். அதன் நுனியில் இருந்த இரும்பு வளையம் பிள்ளையின் கன்னத்தைக் கிழித்துவிட்டது. மூன்று வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "ரத்தத்தத் துடை, தரையில சொட்டுது" என்றான்.

விடிந்தபோது ரோசமெல் இல்லை. பெட்டியில் வியாழக்கிழமைக் கத்தியும் இல்லை.

வடக்கே பாலைவனத்தில் செம்புச் சுரங்கத்தில் சேர்ந்துவிட்டதாக எனக்கு ஒரு கடிதம் போட்டான். அப்பனைப் பற்றி அதில் ஓர் எழுத்துக்கூட இல்லை. அண்ணன் அதை வாங்கிப் பார்க்கவும் இல்லை.

"கத்தியப் பத்தி எதாவது எழுதியிருக்கானா?" என்று மட்டும் கேட்டான்.

"சாப்பிட்டானா, தூங்குனானான்னு கேக்க மாட்டியா? கத்தியாம் கத்தி! நீயும் ஒரு அப்பனா?" என்று கரண்டியை எறிந்தேன். அவன் குனிந்து அதை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் கடை திறக்கவில்லை. வேறு கத்தி வாங்கிக்கொள்ளச் சொன்னால், "அது திரும்பி வரட்டும்" என்பான். வியாழக்கிழமை முளைக்கிற தாடிக்கெல்லாம் பாரியாதான் பொறுப்பு என்று துறைமுகத்தில் கிண்டல் செய்தார்கள். வியாழன்தோறும் அவன் மூடின கடைக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்து, படகு வந்து சேரும் பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஆறு வருஷம் இப்படியே போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் உருளைக்கிழங்கு அடை தட்டிக்கொண்டிருந்தேன். மழையில் நனைந்தபடி ஒருவன் துணி மூட்டையோடு வாசலில் நின்றான்.

"ரோசமெலோட அப்பா வீடு இதுதானுங்களா?"

அவன் தொப்பியைக் கழற்றின விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கையில் இருந்த மாவு தரையில் விழுந்தது. அவன் பெயர் நோல்பெர்த்தோ, சுரங்கத்தில் ரோசமெலின் அறைத் தோழன். போன மாதம் ஒரு காலையில் அபாயச் சங்கு ஊதியதாம். உள்ளே மாட்டிக்கொண்டவர்களை இழுத்து வர ஓடியவர்களில் ரோசமெலும் ஒருவன். இரண்டாவது முறை பாறை சரிந்தது.

நான் அலறினேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்த அண்ணன் அழவில்லை. நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, "என்னப் பத்தி எதாவது சொன்னானா தம்பி?" என்று கேட்டான்.

நோல்பெர்த்தோ நல்லவன், ஆனால் பொய் சொல்லத் தெரியாதவன். "இல்லீங்க ஐயா. வீட்டப் பத்திப் பேசவே மாட்டான்" என்றான்.

அண்ணன் மூட்டையை அவிழ்த்தான். ஒரு சட்டை, ஓர் இடுப்பு பெல்ட், வியாழக்கிழமைக் கத்தி. கத்தியைத் திறந்து தன் முன்கை மயிர்மேல் காட்டினான். தொட்டதும் மயிர் உதிர்ந்தது. அவன் முகம் மாறிவிட்டது.

"இத யாரு தீட்டுனா?"

"நாங்க யாரும் தொடலீங்க. அன்னிக்குக் கண்ணாடி முன்னாடி இருந்துச்சு, பக்கத்துல சோப்பு நுரை காஞ்சு கிடந்துச்சு. அப்படியே மடக்கி எடுத்துட்டு வந்தேன்."

"தினம் சவரம் பண்ணுவானா?"

"அவனா? நல்லா சொன்னீங்க! ஆறு வருஷமா நெஞ்சுவரைக்கும் தாடி ஐயா. கன்னத்துல ஏதோ தழும்பாம், யாருக்கும் காட்டமாட்டான். நாங்கல்லாம் ஆட்டுக்கிடான்னுதான் கூப்பிடுவோம்."

அண்ணன் பெல்ட்டின் உள்பக்கத்தைப் புரட்டினான். தோலில் கத்தியை இழுத்த புதிய கறுப்புக் கோடுகள். ஓர் இடத்திலும் வெட்டு இல்லை, அழுத்தின தடம் இல்லை.

"அப்ப அவனுக்கு லீவு ஏதாவது இருந்துச்சா?" அவன் குரல் பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஆமாங்க, மறுநாள்லேர்ந்து ரெண்டு வாரம். எங்க போறேன்னு யார்கிட்டயும் சொல்லல."

தாடியோடு வருகிறவனுக்கு எங்கள் வீட்டு மேசையில் சாப்பாடு கிடையாது. அதுவும் அண்ணன் போட்ட சட்டம்தான். நுரையைக் குழைத்துவிட்டு, சவரத்துக்குச் சற்று முன்னால், துளியும் அழுத்தாமல் தீட்டியிருக்கிறான் என் பிள்ளை. வீட்டுக்கு வரத்தான். கத்தி கன்னத்தில் படுவதற்குள் சங்கு ஊதிவிட்டது.

வியாழக்கிழமை வந்தது. அண்ணன் கடையைத் திறந்து, வாடிக்கையாளர் நாற்காலியில் தான் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டான். வியாழக்கிழமைக் கத்தியை என் கையில் வைத்தான்.

"எடெல்மிரா, நீ பண்ணு."

"கிழங்கு தோல் சீவுற கை அண்ணே இது. வெட்டிடப் போறேன்."

"வெட்டாது. பண்ணு."

நுரை போட்டேன். பழக்கதோஷத்தில் தோல்வாரை எடுக்கப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"தீட்டாத. அவன் தீட்டியிருக்கான். நாம இழுத்தா அவன் இழுத்தது போயிடும்."

கத்தியை அப்படியே கன்னத்தில் வைத்தேன். என்னைப் போன்ற முரட்டுக் கைக்கும் ஒரு கீறல் விழவில்லை. இரண்டு கன்னமும் முடிந்து கழுத்துக்கு வந்தபோது நுரை கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. ஆறு வருஷம் அழாதவன் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தான். நானும்தான்.

துண்டால் துடைத்ததும் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பிறகு பக்கத்தில் காலியாக இருந்த இரண்டாவது நாற்காலியைப் பார்த்து, "நல்லாத் தீட்டியிருக்கேடா" என்றான்.