சுவருக்குப் பெயின்ட் அடிக்கப் போன சனிக்கிழமை

பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. வாசலில் மஞ்சள் டி-ஷர்ட் போட்ட பதினெட்டுப் பேர், வாளி வாளியாகப் பெயின்ட், ஒரு பேனர். ஊருக்குள் ஆள் நடமாட்டமே இல்லை. எச்.ஆரில் சேர்ந்து நான் நடத்திய முதல் ‘வாலன்டியரிங் டே’ இப்படித்தான் தொடங்கியது.

எங்களுடையது கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஏற்றுமதி ஆபீஸ். கடம்பூர் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கு ஊழியர்களே பெயின்ட் அடித்துக் கொடுப்பதாகத் திட்டம். ஷிப்மென்ட் இல்லாத சனிக்கிழமையாகப் பார்த்துத் தேதி குறித்தது நான். அந்த வாரம் நல்ல மழை பெய்து வெறித்து, அன்று சுள்ளென்று வெயில். பெயின்ட் சீக்கிரம் காயும் என்று வேனில் எல்லோரிடமும் பெருமையடித்தேன்.

ஹெட்மாஸ்டருக்குப் போன் போட்டேன். “சாவி சத்துணவு சமைக்கிற சீனியம்மாட்ட இருக்கும்மா. அவிய காட்டுல நிப்பாவ,” என்றார்.

காட்டுக்குப் போனோம். ஈரக் கரிசல் ஷூவில் அப்பி, கொஞ்ச தூரத்துக்குள் ஆளுக்கு ஓர் அங்குலம் வளர்ந்துவிட்டோம். சீனியம்மாவும் அவர் மகளும் உழுத சாலில் குனிந்து, குழி குழியாக மக்காச்சோளம் ஊன்றிக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, பள்ளிக்கூடத்துச் சாவி வேணும்.”

“இடுப்புலதான் கெடக்கு. எத்தன பேரு வந்திருக்கிய?”

“பதினெட்டுப் பேரு.”

எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். “அப்பம் ஊனி முடிச்சதும் தாரேன்.”

நான் முழித்ததைப் பார்த்து அவரே சொன்னார். “ஏட்டி, நேத்தே ஊனியிருக்கணும். டிராக்டர்காரன் இழுத்தடிச்சிட்டான். இன்னைக்கு வெயில்ல ஈரம் போயிட்டுன்னா ஒண்ணும் மொளைக்காது. ஊர்ல எல்லாரும் அவிய அவிய காட்டுல கெடக்காவ. நானும் எம் மவளும் ரெண்டு ஏக்கரு என்னத்த ஊன?”

பெயின்ட் காய்வதற்கு நான் கொண்டாடிய வெயில், அந்த அக்காவின் ஒரு வருஷத்து வெள்ளாமையையும் சேர்த்துக் காயவைக்கப் பார்த்தது.

மேனேஜர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “கலை, ஹெட் ஆபீஸ்ல சுவர் போட்டோதான் கேட்டிருக்காங்க. சோளம் போட்டோ கேக்கல.”

டெஸ்பாட்சைப் பார்க்கும் சாகுல் பாய் அதற்குள் பேன்ட்டை மடித்துவிட்டார். “சார், இதுவும் கன்டெய்னர் லோடு மாதிரிதான். லேட்டானா சரக்கு போச்சு. சாலுக்கு ஒரு ஆளப் போடுங்க.”

மேனேஜர் பெருமூச்சு விட்டு ஷூவைக் கழற்றினார்.

மருந்து கலந்த விதை என்பதால், பெயின்டுக்கு வாங்கிய கையுறையை எல்லோரும் மாட்டிக்கொண்டோம். குனிந்த கொஞ்ச நேரத்திலேயே அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் முதுகைப் பிடித்துக்கொண்டது. மேனேஜரின் சாலைப் பார்த்துச் சீனியம்மா நின்றுவிட்டார்.

“ஏ சாரே, கோழிக்கா எறியுதிய? குழிக்கு ஒண்ணு போடுங்க.”

“ஒண்ணு முளைக்கலைன்னா?”

“அது எங் கவல. நீங்க ஒண்ணு போடுங்க.”

ஆபீஸில் அவரிடம் அப்படிப் பேசியவர்களை நான் பார்த்ததில்லை. மனிதர் ஒன்றொன்றாகப் போட்டார்.

பொழுது சாயும் முன் கடைசிச் சால் முடிந்தது. சீனியம்மா சாவியை அவிழ்த்து நீட்டினார். வாங்க ஒரு கை நீளவில்லை. நீட்டுவதென்றால் நிமிர வேண்டுமே.

மறு வாரம் போன் செய்து கேட்டேன். “மொளைச்சிருச்சு, நல்லா மொளைச்சிருச்சு,” என்றார். குரலிலேயே சிரிப்பு. அந்தத் தைரியத்தில், “சுவருக்கு அடுத்த சனிக்கிழமை வரட்டுமாக்கா?” என்றேன்.

“சொவரு எங்கிட்டு ஓடிரப் போவுது? களையெடுக்க வாங்க முதல்ல.”

ஊரிடம் என்ன வேண்டும் என்று கேட்கச் சொல்லி எனக்குப் பயிற்சியில் கற்றுத் தந்திருந்தார்கள். எப்போது வேண்டும் என்று கேட்பதைச் சீனியம்மாவிடம் கற்றேன். இப்போதெல்லாம் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் ஆபீஸ் காலண்டரைத் தொடுகிறேன். ஷிப்மென்ட் தேதி இடிக்கும்போது சீனியம்மாவுக்காகச் சாகுல் பாயிடம் சண்டை போடுவது மேனேஜர்.