ராகு காலத்தில் இறங்கிய விமானம்

இந்த நாட்டில் பாட்டே இல்லாத கேசட்டும் விற்கிறார்கள். பக்கத்து வீட்டு ஹரால்டு, ஓய்வுபெற்ற தபால்காரர், அப்படி ஒன்றைத் தன் கம்ப்யூட்டருக்குப் போடுவார். அதில் பதிந்திருப்பது கம்ப்யூட்டர் விளையாட்டு. ஐந்து நிமிடம் காது கிழிய இரைச்சல். பிறகு டிவி திரையில் ஒரு விமான நிலையம் வந்துவிடும். விமானம் என்றால் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும்தான். திசை, உயரம் எல்லாம் விசைகளைத் தட்டிச் சொல்லி, ஒவ்வொன்றாகத் தரையிறக்க வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில், இங்கிலாந்துக் குளிரில், ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு அதுதான் உத்தியோகம்.

அந்த ஞாயிறு மட்டும் விளையாட மனமில்லை. என் மனைவி உலகம்மை இரண்டு வருடப் பிரிவுக்குப் பிறகு, தனியாக, புதன்கிழமை பகல் பன்னிரண்டே காலுக்கு வந்து இறங்குகிறாள். ‘அது ராகு காலம்லா, டிக்கெட்டை மாத்துலே’ என்று தென்காசியிலிருந்து அப்பா எழுதியிருந்தார். மாற்ற வழியில்லை. கல்யாணமான மறுவாரம் நாங்கள் ஐந்தருவிக்குக் கிளம்பியபோதும் ராகு காலம் கழியட்டும் என்று எங்களை வீட்டிலேயே நிறுத்திவைத்தவர் அவர். காலியாக வந்த பேருந்து போய்விட்டது. அடுத்ததில் நெரிசலில் நின்றுகொண்டே போனோம். அன்று அவரைக் கேலி செய்தவன் நான். கடல் தாண்டி வந்தபின் அதே பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. வெட்கம்தான், ஆனால் உண்மை.

ஹரால்டு விடவில்லை, உட்காரவைத்துவிட்டார். திரையின் மூலையில் விளையாட்டுக் கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டி வேகமாக ஓடியது. முதலில் வந்த விமானத்தில் உலகம்மை இருப்பதாகவே மனம் எடுத்துக்கொண்டது. புதன்கிழமை ராகு காலம் முடியும் ஒன்றரை ஆகட்டும் என்று மேலேயே சுற்றவிட்டேன்.

“ஓடுபாதை காலிதானே, எதற்குக் காத்திருக்கிறாய்?” என்றார்.

“நேரம் சரியில்லை.”

“கடிகாரம் சரியாகத்தானே ஓடுகிறது?”

ஒன்று இருபதுக்கு எரிபொருள் தீர்ந்தது. எழுத்தும் எண்ணும் காணாமல் போயின. “மேலே இருப்பவர்களும் வீட்டுக்குப் போக வேண்டாமா?” என்று சொல்லிவிட்டு ஹரால்டு டீ போடப் போனார்.

புதன்கிழமை பதினொரு மணிக்கே விமான நிலையத்தில் நின்றேன். விமானம் இறங்கிவிட்டதாகப் பலகையில் போட்டார்கள். சரியாக ஒரு மணிக்கு உலகம்மை பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். இளைத்திருந்தாள்.

“உலகு, அரை மணி நேரம் இங்கனயே உக்காந்துட்டுப் போவோமா? ராகு காலம்” என்றேன். இரண்டு வருடம் கழித்து நான் சொன்ன முதல் வார்த்தை அது.

அவள் கைக்கடிகாரத்தை நீட்டினாள். ஆறரை. “ராகு காலமா? அது நம்மூர்ல மத்தியானமே முடிஞ்சிட்டு. நான் அப்ப வானத்துல தூங்கிட்டுல்லா இருந்தேன்! இதுக்கா இப்படிப் பயப்படுதிய? வாங்க, போவோம்.”

அப்பாவுக்கும் எனக்கும் இது தோன்றவே இல்லை. ரயிலில் உட்கார்ந்ததும், கடிகாரத்தை இந்த ஊர் நேரத்துக்குத் திருப்பலாம் என்று அவள் கையைப் பிடித்தேன். இழுத்துக்கொண்டாள்.

“இருக்கட்டும். அங்கன அத்தை இப்பதான் விளக்கேத்தி முடிச்சிருப்பாவ.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மணி இரண்டு. வேலைக்குப் புறப்பட என் கையைப் பார்ப்போம். ஊரில் யார் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று தெரிய அவள் கையைப் பார்ப்போம். ராகு காலத்துக்கு மட்டும் எந்தக் கையைப் பார்ப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.