கட்டிலுக்கடியில் ஒளித்த சோளம்

அரிசி கண்ணில் படாத காலம் அது. எழுபதுகளின் நடுவில், பதுளைப் பக்கம் ஹாலிஎலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கூப்பனுக்குத் தரும் மாவும் பாதியாகிவிட்டது. வீட்டுக்காரர் வேலை தேடி வெளியூர் போயிருந்தார். லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் நான் போட்டிருந்த சோளம்தான் எனக்கும் நாலு வயது மகளுக்கும் கதி.

கதிர்களை மட்டையோடு பின்னி அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டுக் காயவைப்பது எங்கள் வழக்கம். அந்த முறை நான் தொங்கவிடவில்லை. தொங்கினால் வாசலுக்கு வருகிறவர்கள் பார்ப்பார்கள். கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. மழையில் ஒடித்த ஈரக்கதிரை அப்படியே சாக்கில் கட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு வேறு.

மூன்று வாரம் கழித்துச் சாக்குக்குள் கையை விட்டால் கதகதவென்று சூடு. மணியெல்லாம் பச்சையும் மஞ்சளுமாய்ப் பூசணம். துடைத்தேன், கழுவினேன், கருக வறுத்து இடித்து ரொட்டி தட்டினேன். கசந்தது. கசப்புத் தெரியாமலிருக்க மிளகாய்ச் சம்பலை வைத்து மகளுக்கு ஊட்டினேன். நான் பாதி தின்று அவளுக்கு முழுசாகக் கொடுத்தேன். தியாகமாம்!

நாலாம் நாள் காலையில் பக்கத்து வீட்டு அக்காவின் கோழிகள் மூன்றும் என் வாசலில் செத்துக் கிடந்தன. நான் புடைத்துக் கொட்டிய நொய்யைக் கொத்தியிருந்தன. உள்ளே பிள்ளை சுருண்டு கிடந்தாள். தூக்கிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"பூசணம் புடிச்சதையா குடுத்தீங்க?" என்றார் மருந்து கொடுக்கும் ஐயா.

"கழுவித்தாங்க குடுத்தேன். நல்லா வறுத்தேங்க."

"கழுவினாலும் வறுத்தாலும் அந்த விசம் போகாதும்மா. ஒரு வாரம் கண்ணைப் பாருங்க. மஞ்சளா வந்தா உடனே பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிறணும். மிச்சத்தைக் கொட்டிருங்க."

சாக்கைக் குப்பைக்குழியில் கொட்டினேன். வேலைக்குப் போகவில்லை. நாளெல்லாம் அவள் இமையை விரித்து விரித்துப் பார்த்தேன். வெயிலில் வெள்ளையாகத் தெரிந்த கண் வீட்டுக்குள் வந்தால் மஞ்சளாகத் தெரிந்தது. "வலிக்குதும்மா" என்று அழுதாள். நான் விடவில்லை. அக்கா கோழிக்காக ஒரு வார்த்தை ஏசவில்லை. தன் வீட்டு மரவள்ளியில் ஒரு துண்டு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவள் கண்ணில் படக்கூடாது என்றுதான் நான் சோளத்தை ஒளித்திருந்தேன்.

எட்டாம் நாளும் கண் வெள்ளையாகவே இருந்தது. பிள்ளை எழுந்து உட்கார்ந்து, "பசிக்குதும்மா, ரொட்டி தாங்க" என்றாள். வீட்டில் ஒரு பிடி மாவில்லை. குழியில் நல்ல மணி நாலு கிடக்காதா என்று என் கால்கள் அந்தப் பக்கம் திரும்பின. பாதி வழி போன பிறகுதான் நின்றேன். அந்தக் கால்களை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குப் பயம்.